வயிறு நிறைந்தும் பட்டினி

காக்டெயில் கிளிக்குஞ்சை வாங்கி வந்து பறிகொடுத்தவர்கள் சொல்லும் கதை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. கண் சரியாகத் திறக்காத குஞ்சு, கூடவே ஒரு பொட்டலம் ஹேண்ட் ஃபீடிங் பவுடர், ஒரு சிரிஞ்ச். “ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊட்டுங்க, அப்படியே கையோட ஒட்டிக்கும்” என்று கடைக்காரர் சொல்லி அனுப்புகிறார். வீட்டில் எல்லோரும் முறை வைத்து ஊட்டுகிறார்கள். நடு இரவில் அலாரம் வைத்து எழுந்தும் ஊட்டுகிறார்கள். முதல் நாள் ஆவலாக வாங்கிக்கொண்ட குஞ்சு மறுநாள் மந்தமாகிறது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் உயிர் இல்லை. கழுத்தடியில் மட்டும் ஒரு பை புடைத்துக்கொண்டு, ஊட்டியது ஊட்டியபடியே கிடக்கிறது.

பட்டினியால் செத்தது என்றால் புரிந்துகொள்ளலாம். இவ்வளவு உணவு உள்ளே இருக்கும்போது எப்படிச் சாகும்? பவுடர் பழையது, குஞ்சு முதலிலேயே நோஞ்சான் என்றெல்லாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் காரணத்தை முதலில் தேட வேண்டிய இடம் வேறு. அந்தக் குஞ்சு எந்தச் சூட்டில் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

பொந்து என்ன செய்கிறது?

காக்டெயிலின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட வெளிகள். காக்கட்டூ என்னும் கொண்டைக்கிளிக் குடும்பத்திலேயே மிகச் சிறியது இதுதான். தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்கும் யூகலிப்டஸ் மரங்களின் பொந்தில், ஒரு நாள் விட்டு ஒரு நாளாக நாலு முதல் ஏழு முட்டை வரை இடும். பகலில் ஆண், இரவில் பெண் என்று இரண்டும் மாறி மாறி அடைகாக்கும். ஏறக்குறைய மூன்று வாரத்தில் குஞ்சு பொரியும்.

கோழிக்குஞ்சு ஓட்டை உடைத்த சில மணி நேரத்தில் ஓடித் திரிந்து பொறுக்கித் தின்னும். காக்டெயில் குஞ்சுக்குக் கண் திறக்கவே ஒன்பது பத்து நாள் ஆகும். பொரிந்த அன்று அதன் எடை 4 முதல் 6 கிராம். மேலே கொஞ்சம் மஞ்சள் பூம்பஞ்சு, அடியில் இளஞ்சிவப்புத் தோல், தூக்க முடியாத தலை. இப்படிக் கூட்டிலேயே கிடந்து வளர வேண்டிய குஞ்சுகளைக் ‘கூட்டுக்குஞ்சுகள்’ என்று வைத்துக்கொள்வோம். புறா, காகம், மைனா, கிளி எல்லாவற்றின் குஞ்சுகளும் இந்த வகைதான்.

பொந்துக்குள் இந்தக் குஞ்சு தனியாக இருக்கும் நேரம் மிகக் குறைவு. தாயோ தகப்பனோ மேலே படுத்திருக்கும். முட்டைகள் நாள் தள்ளிப் பொரிவதால் ஒரு வாரம் மூத்த அண்ணனும் அக்காவும் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு கிடக்கும். பெற்றோர் தாங்கள் தின்ற விதையை ஊறவைத்து, நீர்க்கக் கக்கி ஊட்டும். புறா சுரப்பதைப் போன்ற பால் காக்டெயிலுக்குக் கிடையாது. எனவே அந்தக் கக்கலில் உள்ள தண்ணீரும் சூடும்தான் முக்கியம். நாம் குஞ்சைப் பொந்திலிருந்து எடுத்ததுமே இவை எல்லாம் ஒரே நொடியில் போய்விடுகின்றன. பவுடரும் சிரிஞ்சும் ஈடுசெய்வது ஒன்றே ஒன்றைத்தான், உணவை.

சொந்தச் சூடு இல்லாத உடம்பு

வளர்ந்த காக்டெயிலின் உடம்பு 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கும். நமக்கு அது கடும் காய்ச்சல். உணவை எரித்து அந்தச் சூட்டை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். இறகுகள் அது வெளியே போகாமல் காக்கும். முதல் வாரக் குஞ்சுக்கு இந்த இரண்டுமே கிடையாது. உடம்பு சிறுக்கச் சிறுக்க, எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு பெருகும். சூடு ஓடிப்போகும் வாசல் பெரிதாகும். 28 டிகிரி அறை நமக்கு இதமாக இருக்கலாம். துணி விரித்த அட்டைப் பெட்டியில் அங்கே தனியாகக் கிடக்கும் குஞ்சோ நிமிடத்துக்கு நிமிடம் ஆறிக்கொண்டே வரும்.

ஆகவே முதல் வேலை ப்ரூடர், அதாவது சூட்டுப்பெட்டி. பொரிந்த முதல் சில நாள்களுக்கு உள்ளே 35–36 டிகிரி இருக்க வேண்டும். கண் திறக்கும் சமயத்தில் 32–33 போதும். பிறகு தோலெங்கும் முள்ளிறகு, அதாவது உறைக்குள் சுருண்டிருக்கும் இளம் இறகு, கிளம்பும்போது 30 அளவுக்கு இறக்கலாம். இறகு முழுதும் மூடிய குஞ்சுக்கு நம் ஊர் அறைச் சூடே பெரும்பாலும் போதும், ஏசி ஓடாவிட்டால்.

ஒரு காலத்தில் நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்றைப் பெட்டிமேல் தொங்கவிட்டால் வேலை முடிந்தது. அந்த வழக்கத்தை நம்பி இன்று பலர் எல்.இ.டி. பல்பை மாட்டிவிடுகிறார்கள். வெளிச்சம் பளிச்சென்று இருக்கிறது. சூடு கிட்டத்தட்ட இல்லை. குண்டு பல்பு வாங்கிய மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகத்தான் வெளியேற்றியது, எல்.இ.டி. அந்த விரயத்தைக் குறைப்பதற்கென்றே வந்தது. குஞ்சுக்கு வேண்டியது அந்த விரயம்தான். வெப்பத் தட்டோ, வெப்ப விளக்கோ வாங்கி, சூடு ஏறினால் தானே அணையும் தெர்மோஸ்டாட் ஒன்றையும் சேர்த்துப் பொருத்துவது நல்லது. வெப்பமானியைப் பெட்டியின் மூடியில் ஒட்டிவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. குஞ்சு கிடக்கும் மட்டத்தில் என்ன சூடு என்று பார்க்க வேண்டும். உள்ளே ஒரு கிண்ணத்தில் தண்ணீர், அதன்மேல் குஞ்சு விழாதபடி வலை. காற்று காய்ந்துபோகாமல் இருக்கும். தரையில் வழுவழுப்பான காகிதம் வேண்டாம். வழுக்கும் தரையில் கால்கள் இரு பக்கமும் விரிந்தபடியே எலும்பு முற்றிவிட்டால், அந்தப் பறவை பிறகு நேராக நிற்காது.

வெப்பமானி சொல்வதைக் குஞ்சும் சொல்லும். குளிர்ந்தால் ஒடுங்கி, நடுங்கி, தோல் வெளிறும். தொட்டால் கால் சில்லென்று இருக்கும். சூடு மிஞ்சினால் கழுத்தை நீட்டி, சிறகைப் பரப்பி, வாய் திறந்து மூச்சிரைக்கும், தோல் சிவந்துவிடும். மே மாதத்துச் சென்னையில் இரண்டாவது ஆபத்தும் நிஜம். கரண்ட் போனால், வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு ஓரத்தில் வைக்கலாம். குஞ்சு விலகிப் படுக்க மறு ஓரம் காலியாக இருக்கட்டும்.

கழுத்தடியில் ஒரு பை

சில நாள் குஞ்சைக் கையில் வைத்து ஊட்டிப் பார்த்தால், உணவு போகும் வழி கண்ணுக்கே தெரியும். தோல் அவ்வளவு மெல்லியது. கழுத்தின் வலப்பக்கமாக இறங்கும் கூழ், மார்புக்கு மேலே ஒரு பையில் சேர்ந்து மஞ்சளாகத் திரளும். அதுதான் தீனிப்பை. உணவுக்குழாயே அந்த இடத்தில் விரிந்து பையாகியிருக்கிறது. அங்கே செரிமானம் என்று சொல்லும்படி ஒன்றும் நடப்பதில்லை. அது ஒரு சேமிப்பு அறை. அதன் சுவர்த்தசை விட்டுவிட்டு இறுகி, கொஞ்சம் கொஞ்சமாக உணவைக் கீழே தள்ளும். அதன் பிறகுதான் செரிக்கும் நீர் சுரக்கும் இரைப்பையும் அரைவைப்பையும் வருகின்றன.

தசை இறுகுவதற்குச் சூடு வேண்டும். குஞ்சின் உடம்பு சில டிகிரி ஆறினாலே அந்தத் தசை சோம்பிவிடும். உணவு நகராது. வெதுவெதுப்பான, ஈரமான, மாவுச்சத்து நிறைந்த அந்தக் கூழ் ஈஸ்ட் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அருமையான இடம். கேண்டிடா என்ற பூஞ்சை இதில் பேர்போனது. கூழ் புளிக்கும். நாமோ கடிகாரத்தைப் பார்த்து, இரண்டு மணி நேரம் ஆகிவிட்டதென்று பழைய கூழின் மேலேயே புதுக் கூழை ஊற்றுவோம். பை புடைக்கும், கீழே குடலுக்கு எதுவும் போகாது. மேலே நிறைந்து, கீழே பட்டினி. குடலுக்கு உணவு போகாததால் எரிப்பதற்கு ஒன்றும் இல்லை. எரியாததால் உடம்பு இன்னும் ஆறும். ஆறுவதால் பை இன்னும் நகராது. முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் இந்தச் சுழலில் இருக்கிறது.

இதனால் அனுபவசாலிகள் கடிகாரத்தைவிடப் பையைத்தான் நம்புவார்கள். கிட்டத்தட்டக் காலியான பிறகுதான் அடுத்த ஊட்டல். நாளுக்கு ஒருமுறையாவது, பெரும்பாலும் விடியற்காலையில், பை முழுதும் வற்றித் தட்டையாக வேண்டும். குளிர்ந்துபோன குஞ்சுக்கு ஒரு சொட்டும் ஊட்டக் கூடாது. கையிலோ பெட்டியிலோ வைத்து உடம்பைச் சூடேற்றிய பிறகே சிரிஞ்சைத் தொட வேண்டும். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்வதானால், இந்த வரியை வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் பை வற்றவில்லை, புளித்த வாடை வருகிறது என்றால் வீட்டு வைத்தியத்துக்கு நேரம் இல்லை. பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே போக வேண்டும். இன்னொன்று: வாயில் மென்று குஞ்சுக்கு ஊட்டுவது பாசத்தால் செய்யும் பழக்கம்தான், ஆனால் நம் எச்சிலில் இருக்கும் பாக்டீரியாக்களைத் தாங்கும் சக்தி இந்தக் குஞ்சுக்கு இல்லை.

முப்பது கிராம் குஞ்சின் கணக்கு

எட்டு ஒன்பது நாளான, 30 கிராம் எடையுள்ள ஒரு குஞ்சை எடுத்துக்கொள்வோம். ஒரு வேளைக்கு உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3 மில்லி கூழ், அதன் தீனிப்பை தாங்கும். குஞ்சின் உடம்பு 40 டிகிரியில் இருக்கிறது. கூழ் கலக்கி வைத்து ஆறிவிட்டது, 30 டிகிரி.

40 டிகிரியில் 30 பங்கு, 30 டிகிரியில் 3 பங்கு. இரண்டும் கலந்து ஒரே சூட்டுக்கு வந்தால் ஏறக்குறைய 39.1 டிகிரி. ஒரே ஒரு வேளை ஆறிய கூழ், முழு உடம்பையும் கிட்டத்தட்ட ஒரு டிகிரி இறக்கிவிடுகிறது. வளர்ந்த பறவை அதைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். குஞ்சுக்கு ஈடுகட்டப் பெட்டிதான் உண்டு. பெட்டியும் 28 டிகிரி என்றால் இழந்தது இழந்ததுதான். நாளுக்கு ஆறு முறை இப்படி. அதோடு, அந்த ஆறிய கூழ் உடம்பெங்கும் உடனே பரவுவதில்லை, பையிலேயே கிடக்கிறது. எந்தத் தசை இறுக வேண்டுமோ அதுவே அதிகம் குளிர்கிறது.

சரி, நல்ல சூடாகவே கொடுத்துவிடலாமா? அதே கணக்கில் 50 டிகிரி கூழை வைத்துப் பாருங்கள். விடை 40.9. உடம்பு ஒரு டிகிரிகூட ஏறவில்லை. பார்த்தால் ஒன்றும் ஆகாது என்றுதான் தோன்றும். சராசரி இங்கேதான் ஏமாற்றுகிறது. அந்த 3 மில்லி முழு உடம்போடு கலப்பதற்குள், காகிதம்போல் மெல்லிய பையின் சுவரை வேகவைத்துவிடும். 43 டிகிரியைத் தாண்டினாலே சுடும் ஆபத்து தொடங்குகிறது. ஆறிய கூழ் உடம்பு முழுவதையும் தண்டிக்கிறது, கொதிக்கும் கூழ் ஓரிடத்தைத் தண்டிக்கிறது. இடையில் நமக்குக் கிடைக்கும் இடைவெளி 39 முதல் 41 டிகிரி வரை.

சுட்ட புண் அன்றைக்குத் தெரியாது. சில நாள் கழித்துக் கழுத்தடித் தோல் சிவக்கும், பொருக்குக் கட்டும். பொருக்கு விழுந்ததும் ஓட்டை. ஊட்டிய கூழ் அதன் வழியே கசிந்து மார்பு இறகெல்லாம் நனையும். தைத்துச் சரிசெய்ய மருத்துவரால் முடியும், ஆனால் அந்தப் பிஞ்சு உடம்புக்கு அது பெரிய சோதனை. மைக்ரோவேவ் அடுப்பில் கூழைச் சூடாக்க வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான்: மேலே வெதுவெதுப்பாகவும் உள்ளே ஒரு மூலையில் கொதிநிலையிலும் இருக்கும். காய்ச்சிய நீரில் கலக்கி, நன்றாகக் கிளறி, சமையல் வெப்பமானியால் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம். சிறிய சிரிஞ்சில் உள்ள கூழ் ஓரிரு நிமிடத்தில் ஆறிவிடும். அதனால் வெந்நீர் டம்ளரில் சிரிஞ்சை வைத்து வைத்து எடுக்க வேண்டும். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும், ஃபிரிட்ஜில் வைத்து மறுவேளைக்கு எடுப்பது கூடாது.

எவ்வளவு தண்ணீர்?

அமெரிக்காவின் டேவிஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டாம் ரௌடிபுஷ், ரிச்சர்ட் கிராவ் என்ற இருவர் காக்டெயில் குஞ்சுகளைப் பொரிந்த நாளிலிருந்தே கையால் ஊட்டி வளர்த்து ஆராய்ந்தார்கள். 1986-இல் வெளிவந்த அவர்களது ஆய்வு, கூண்டுப்பறவைகளின் உணவைப் பற்றி அதுவரை அனுபவத்தில் மட்டும் பேசிவந்ததைத் தராசில் வைத்துப் பார்த்தது. உலர் உணவில் 20 விழுக்காடு புரதம் இருந்தால் குஞ்சு நன்றாக வளர்கிறது என்று கண்டார்கள். தண்ணீரைப் பற்றிய செய்தி எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. முதல் சில நாளுக்குக் கூழில் திடப்பொருள் 7 விழுக்காடு போதும்; மீதி எல்லாம் தண்ணீர். அதன்பின் 30 விழுக்காடு வரை கெட்டியாக்கலாம்.

அந்த 7 விழுக்காடு எவ்வளவு குறைவு என்று பாருங்கள். 5 கிராம் குஞ்சுக்கு ஒரு வேளைக்கு அரை மில்லி. அதில் உள்ள உலர்மாவு 35 மில்லிகிராம். ஒரு சிட்டிகைகூட வராது. வடிகஞ்சியைவிட நீர்க்க இருக்கும் இந்தத் தண்ணியைப் பார்த்து மனம் கேட்காமல், சத்து வேண்டுமே என்று இன்னொரு கரண்டி மாவைச் சேர்த்துவிடுகிறோம். குஞ்சின் சிறுநீரகம் கழிவை வெளியேற்றத் தண்ணீர் வேண்டும். குஞ்சால் தனியாகக் குடிக்க முடியாது. கெட்டிக் கூழில் தண்ணீர் மட்டும் வடிந்து போய், மாவு பையின் அடியில் கட்டியாகத் தங்கும். நீர் வற்றிய குஞ்சின் தோல் சிவந்து, சுருங்கி, விரலில் ஒட்டும்.

வளர்ந்த பிறகும் தண்ணீர்த் தேவை பெரிதுதான். நம் 30 கிராம் குஞ்சு ஆறு வேளையில் 18 மில்லி கூழ் வாங்குகிறது. அதில் மாவு ஐந்தரை கிராமுக்குள்; தண்ணீர் பன்னிரண்டரை மில்லி. உடம்பு எடையில் ஐந்தில் இரண்டு பங்குத் தண்ணீர், ஒவ்வொரு நாளும்.

பவுடர் கிடைக்கவில்லையென்று குழந்தைகளுக்கான பால் சேர்ந்த சத்துமாவைக் கரைத்து ஊட்டுகிறவர்கள் உண்டு. பாலில் உள்ள சர்க்கரையை உடைக்கும் நொதி பறவைகளுக்குக் கிடையாது. வயிற்றோட்டமாகி, இருக்கிற தண்ணீரும் போய்விடும்.

புரை ஏறாமல் ஊட்டுதல்

நமக்குப் புரை ஏறினால் இருமித் தள்ளிவிடுவோம். பறவைக்கு உதரவிதானம் இல்லை, மூச்சுக்குழலை மூடும் நாக்குமூடியும் இல்லை. மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடியில் திறந்தே இருக்கிறது. அதில் கூழ் இறங்கினால் அந்த நிமிடமே மூச்சு முட்டலாம். அல்லது இரண்டொரு நாளில் நிமோனியா வரலாம்.

இயற்கை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அலகின் இரு ஓரங்களையும் விரலால் லேசாகத் தொட்டதும், பசித்த குஞ்சு தலையை மேலும் கீழும் வேகமாக ஆட்டத் தொடங்கும். கூடவே கரகரவென்று ஒரு கெஞ்சல். அந்த ஆட்டத்தின்போது மூச்சுக்குழலின் வாய் மூடிக்கொள்ளும். கூழ் போக வேண்டிய நேரம் அதுதான். மேசைமேல் துண்டு விரித்துக் குஞ்சை நிற்கவிட்டு, தலையை இரு விரலால் தாங்கி, சிரிஞ்சை அதன் இட ஓரத்தில் நுழைத்து வலப்பக்கம் நோக்கிப் பிடிக்க வேண்டும். உணவுக்குழாய் இறங்குவது வலப்பக்கமாக. ஆட்டத்தின் தாளத்துக்குத் தக்கபடி தள்ளலாம். ஆட்டம் நின்றால் கையும் நிற்க வேண்டும், அளவு மிச்சமிருந்தாலும் சரி. பை உருண்டு நிற்கலாம், ஆனால் தொட்டால் மெத்தென்று அமுங்க வேண்டும்.

கை எதற்கு?

குஞ்சைப் பிறந்த சில நாளிலேயே பெற்றோரிடமிருந்து பிரிப்பதற்குச் சொல்லப்படும் காரணம், அப்போதுதான் நம்மோடு பழகும் என்பது. இதை நான் ஏற்கவில்லை. டேவிஸிலேயே ஆரஞ்சு இறகு அமேசான் கிளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பெற்றோரே வளர்த்த குஞ்சுகளைத் தினமும் சிறிது நேரம் எடுத்துக் கையாண்டார்கள். அவை மனிதரோடு நன்றாகவே பழகின. காக்டெயிலைப் பற்றி அங்கிருந்து 1988-இல் ‘தி ஆக்’ இதழில் வந்த ஆய்வு இன்னும் யோசிக்க வைப்பது. கையால் வளர்ந்த ஆண்கள் சேர்ந்த ஜோடிகளில் கருவுற்ற முட்டைகள் குறைந்தன. கையால் வளர்ந்த பெண்கள் முட்டையைக் கூட்டுப்பெட்டியில் இடாமல் கூண்டின் தரையில் இட்டுவிடுவது அதிகமாக இருந்தது. தன் இனத்தைப் பார்த்து வளராத பறவைக்கு ஏதோ ஒன்று குறைகிறது.

தாய் இறந்துவிட்டது, அல்லது பெற்றோரே குஞ்சின் இறகைப் பிடுங்குகின்றன என்றால் கையால் ஊட்டத்தான் வேண்டும். மற்றபடி முதல் இரண்டு மூன்று வாரம், மேலே சொன்ன அத்தனை நுட்பங்களையும் பிசகாமல் செய்யத் தெரிந்த இருவரிடமே குஞ்சை விட்டுவைப்பது நல்லது. வாங்குகிறவர்கள், தானாகத் தின்னத் தொடங்கிய குஞ்சாகக் கேட்டு வாங்கலாம். அப்படி எல்லோரும் கேட்க ஆரம்பித்தால் கண் திறக்காத குஞ்சுகள் கடைக்கு வருவதும் குறையும்.

ஊட்டலை விடும் காலம்

நாலைந்து வாரத்தில் குஞ்சு பறக்கப் பழகும். அப்போது ஊட்டலைத் தள்ளிவிடும். உச்ச எடையில் பத்தில் ஒரு பங்குவரை குறையவும் செய்யும். பதறி வற்புறுத்தி ஊட்டுவதும் தவறு, இதுதான் சமயமென்று ஊட்டலை நிறுத்திவிடுவதும் தவறு. முழுதாகத் தானே தின்ன எட்டு முதல் பத்து வாரம் ஆகலாம். கூண்டின் தரையில் தினைக்கதிரையும், ஊறவைத்த தானியத்தையும், நறுக்கிய கீரையையும் வைத்து அது கொத்திப் பார்க்கும்படி விடலாம்.

இந்தக் கட்டத்தில் பலர் ஏமாறுவது கதிர் உதிர்ந்து கிடப்பதைப் பார்த்துத்தான். தரையில் கிடப்பதைக் கையில் அள்ளி ஊதிப் பாருங்கள். உமி பறந்துபோய் உள்ளங்கை காலியானால் குஞ்சு தின்றிருக்கிறது. மணிகள் அப்படியே தங்கினால் வெறும் விளையாட்டு. மாலையில் ஒரு வேளை கூழ் கொடுத்தே ஆக வேண்டும். அரை கிராம்வரை காட்டும் சமையலறைத் தராசில், காலையில் பை காலியாக இருக்கும்போது எடை பார்த்து ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். கூழ் இல்லாமலேயே ஒரு வாரம் எடை நிலைத்து நின்றால் சிரிஞ்சை எடுத்து வைத்துவிடலாம். அதன் பிறகும் என்றாவது ஒரு மாலை தலையை ஆட்டிக் கெஞ்சினால், கலக்கிக் கொடுப்பதில் கெடுதல் ஒன்றும் இல்லை.